புதன்கிழமை ஆறு மணிப் பாட்டு

திருப்பதி பஸ் ஸ்டாண்டில் சென்னை பஸ் நிற்கும் இடம் காலியாகக் கிடந்தது. ரோடெல்லாம் வெள்ளம், இன்றைக்கு எந்த பஸ்ஸும் போகாது என்று ஒலிபெருக்கி தெலுங்கில் மூன்றாவது தடவையாகச் சொன்னது. ஆந்திர எல்லையோரப் பாலசமுத்திரத்திலிருந்து விடியற்காலையிலேயே புறப்பட்டு வந்திருந்த தணிகாசலம், அது தனக்குச் சொன்னதில்லை என்பதுபோல அங்கேயே நின்றார். மகன் வேணு சென்னையில் வேளச்சேரிப் பக்கம், தரையோடு தரையாக இருக்கும் ஓர் அறையில் குடியிருந்தான். சென்னைக்குள் வெள்ளம் புகுந்த இரண்டு நாளாக அவன் போன் அணைந்து கிடந்தது.

வேணு வாரம் முழுக்கக் கம்பெனி வேலை பார்ப்பான். ஞாயிற்றுக்கிழமை அறை நண்பர்கள் மூன்று பேரோடு உட்கார்ந்து பாட்டுக் கட்டுவான். சினிமாவுக்கு இல்லை, கச்சேரிக்கும் இல்லை. தோசை கருகிப்போனதற்கு ஒரு பாட்டு, பஸ்ஸைத் தவறவிட்டதற்கு ஒரு பாட்டு. கைதட்டல், விசில், குழந்தை விளையாட்டுச் சாமான் மாதிரி ஒரு குட்டி கிதார், அவ்வளவுதான். நெட்டில் போட்டால் ஊர்பேர் தெரியாதவர்கள் கேட்டார்கள்.

"இதுல இன்னாடா கீது?" என்று தணிகாசலம் முதல் தடவை கேட்டபோதே சிரித்தான்.

"அழுறதுக்கு ஆயிரம் பாட்டு கீது நைனா. சும்மா சிரிக்கிறதுக்கு ஒண்ணு வேணாமா?"

பெரிய மேதாவி என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆனால் கரும்புக்குத் தண்ணீர் கட்டும்போது வாய் தானாக அந்த விசிலை அடித்தது. அந்தப் பாட்டுகள் அவரை அழு என்றும் சொல்லவில்லை, திருந்து என்றும் சொல்லவில்லை. கேட்டு முடித்தால் மண்வெட்டி கொஞ்சம் லேசாக இருந்தது. இதை மகனிடம் ஒருநாளும் சொன்னதில்லை.

நேற்று சாயங்காலம் ஆறு மணிக்குப் புதுப் பாட்டு வந்தது. திருப்பதி ஹாஸ்டலில் தங்கிப் படிக்கும் மகள் தரணிதான் பார்த்துவிட்டு போன் செய்தாள். பாட்டுப் போட்டிருக்கிறான் என்றால் பிள்ளை நன்றாக இருக்கிறான் என்று மனைவி வெங்கடம்மா கற்பூரம் ஏற்றி, தெருவுக்கே சர்க்கரை கொடுத்தாள். இருந்தாலும் கண்ணால் பார்த்துவிட்டு வரலாம் என்றுதான் தணிகாசலம் கிளம்பினார்.

பஸ் ஸ்டாண்டுக்கு வந்த தரணி அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

"நைனா, அந்தப் பாட்ட அவன் நேத்து போடல. போன ஞாயித்துக்கெழமையே டைம் வெச்சிட்டான். புதன்கெழமை ஆறு மணிக்கு அதுவா வரும்னு எங்கிட்ட சொன்னான். ராத்திரி தான் ஞாபகம் வந்துச்சி. அம்மா அவ்ளோ சந்தோசமா பேசிக்கினு இருந்தாங்க, எனுக்கு வாய் வரல."

அப்படியென்றால் மகன் உயிரோடிருப்பதற்கு அத்தாட்சி என்று நம்பித் தணிகாசலம் நேற்று ராத்திரி நிம்மதியாகத் தூங்கியது, வெறும் மிஷின் செய்த வேலையைப் பார்த்துத்தான்.

"கீழ எல்லாரும் எழுதியிருக்காங்க, பாரு" என்றாள் தரணி. பாட்டுக்கு அடியில் ஆங்கிலத்தில் வரிசையாக வாழ்த்து. நடுவே நீளமாக ஒன்று தமிழில் இருந்தது. அதன் முடிவில் அழுகிற முகம், கூப்பிய கை. அதற்குக் கீழே யாரோ ஆங்கிலத்தில், நிஜமாவா, எந்த ஏரியா என்று கேட்டிருந்தார்கள். "நானும் கேட்டு எழுதினேன் நைனா. பதிலே இல்ல."

தணிகாசலம் வீட்டில் பேசுவது தமிழ், மாட்டைத் திட்டுவது தமிழ், சாமி கும்பிடுவதும் தமிழ். படித்தது தெலுங்குப் பள்ளிக்கூடத்தில். தரணியும் அப்படித்தான். ஐம்பத்திரண்டு வயதில் முதல் தடவையாகத் தன் பாஷையின் எழுத்தைப் படித்துச் சொல்ல ஆள் தேடினார்.

சுற்றிலும் ஊர் திரும்ப முடியாத தமிழ்நாட்டு யாத்ரீகர்கள் மூட்டைகள்மேல் உட்கார்ந்திருந்தார்கள். மொட்டையடித்துச் சந்தனம் பூசிய ஓர் அம்மாள் தினத்தாள் படித்துக்கொண்டிருந்தாள். தணிகாசலம் தரணியின் போனோடு அவள் முன்னால் குந்தி உட்கார்ந்தார்.

"எம்மா, உனுக்கு எந்த ஊரு?"

"சென்னைப் பக்கம் முடிச்சூருங்க. வீட்டுக்குள்ள தண்ணி வந்துட்டதாம்."

"இத கொஞ்சம் படிச்சி சொல்லும்மா. எங்க பையன் பாட்டுக்குக் கீழ யாரோ எழுதி கீறாங்க. எங்களுக்குத் தமிழ் எழுத்து தெரியாது."

அவள் தினத்தாளை மடித்துவிட்டுப் போனை வாங்கினாள். விரல் பட்டுப் பாட்டு ஓட ஆரம்பித்தது. விசில், கைதட்டல், அதற்குள்ளே வேணுவின் குரல், சிரிப்பை அடக்கிக்கொண்டு பாடுகிற குரல். பக்கத்து மூட்டைமேல் இருந்த குழந்தை தலையை ஆட்டியது. காலையிலிருந்து வாடிக் கிடந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். அந்த அம்மாளின் உதடுகள் மட்டும் சத்தமில்லாமல் அசைந்தன. பாதியில் நின்றன. திரும்ப மேலே போய், முதலிலிருந்து படித்தாள்.

"சத்தமா படிக்கவாங்க?" என்றாள், தலையை நிமிர்த்தாமல்.

தரணி அவர் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டாள்.

"பாட்டு முடியட்டும்மா" என்றார் தணிகாசலம்.

அந்த அம்மாள் போனை மடியில் வைத்து, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தானும் கேட்டாள்.