சூடான இன்ஜின்

அக்கா அந்த மோட்டார் சைக்கிளைப் பழைய இரும்புக் கடையில எடை போட்டு வாங்கினப்போ சிரிக்காத ஆளே இல்ல. நானும்தான் சிரிச்சேன். தையல் கடை நடத்துறவளுக்கு எதுக்கு இந்தப் பீரங்கின்னு கேட்டேன். அவ பாட்டுக்கு அதைச் சரி பண்ணி, தச்ச யூனிஃபார்மை மூட்டை கட்டி ஊரெல்லாம் கொண்டு போய்க் கொடுத்தா. தினமும் உதைச்சு ஸ்டார்ட் பண்றதால, அவளுக்கு எப்பவும் வலது செருப்புதான் முதல்ல தேயும்.

இப்போ அந்த மாடலுக்கு விலை ஏறுது பாருங்க, அப்படி ஏறுது. என் வீட்டுக்காரர் போன்ல பார்த்துட்டு, ஜுரம் எத்தனை டிகிரின்னு சொல்ற மாதிரி தினமும் வந்து சொல்லுவார். புதுக் காருக்குக்கூட அந்த விலை கிடையாது. அக்கா காதுலயே போட்டுக்கல. கடை இருக்கிற அறையை வித்துடப் போறேன்னு அதோட ஓனர் சொன்னப்போதான் அவ முகம் வாடுச்சு. மாசக் கடைசிக்குள்ள அவளே வாங்கினா உண்டு, இல்லன்னா மெஷினைத் தூக்கிக்கிட்டுத் தெருவுல நிக்கணும்.

"வண்டியைக் கொடுத்துடலாம்"னா.

வாங்க வந்தவர் பல் டாக்டர். பழைய வண்டின்னா அவருக்கு உசிரு. விலையெல்லாம் போன்லயே பேசி முடிச்சாச்சு. கடைக்குள்ள வந்தவர் வண்டியைச் சுத்திக்கூடப் பார்க்கல, நேரா இன்ஜின் மேல உள்ளங்கையை வெச்சார்.

"சூடா இருக்கே."

எனக்கு ஒண்ணும் புரியல. அப்புறம் அவரே சொன்னார். நல்லா ஆறின இன்ஜின் முதல் உதைக்கு என்ன செய்யுதுங்கறதுலதான் பழைய வண்டியோட யோக்யதை தெரியுமாம். முன்னாடியே சூடு பண்ணி வெச்சா எதையோ மறைக்கறாங்கன்னு அர்த்தமாம்.

"வெயில்ங்க"ன்னார் என் வீட்டுக்காரர். கடைக்குள்ள ஏதுங்க வெயில்? நான் முறைச்ச முறைப்புல மனுஷன் கூரையைப் பார்த்தார். டாக்டர் முன்னாடி டக்குனு ஸ்டார்ட் ஆகணும்னு, நாங்க இல்லாத நேரமாப் பார்த்து யாருக்கும் சொல்லாம கொஞ்ச நேரம் ஓட விட்டு வெச்சிருக்கார். நல்லது பண்றாராம். இவரைக் கட்டிக்கிட்டு நான் படற பாடு எனக்குத்தான் தெரியும்.

டாக்டர் கிளம்பத் தயாராயிட்டார். அக்கா ஆணியில மாட்டியிருந்த சாவியை எடுத்து அவர்கிட்ட நீட்டினா.

"வெயில் இல்லைங்க. தங்கச்சி வீட்டுக்காரர் ஓட விட்டிருக்கார், எனக்கே இப்பத்தான் தெரியும். நீங்க வண்டியை எடுத்துட்டுப் போங்க. உங்க வீட்டுலயே நிக்கட்டும். காலைல ஆறினதும் உதைச்சுப் பாருங்க. பிடிக்கலன்னா கொண்டு வந்து விட்டுடுங்க."

முன்பணம் கேக்கல, கையெழுத்தும் கேக்கல. அவரும் ஓட்டிட்டுப் போயே போயிட்டார். "உனக்கென்ன பைத்தியமாக்கா"ன்னு கத்தினேன். அவ துணியை விரிச்சு வெட்ட ஆரம்பிச்சுட்டா.

சாயங்காலம் இன்னொருத்தர் போன் பண்ணி, டாக்டரைவிட ரொம்பக் கூடக் கொடுக்கறேன்னார். எனக்கே நாக்குல எச்சில் ஊறுச்சு. அக்கா அசையல.

"சாவி அவர்கிட்ட இருக்கு. அவர் வேண்டாம்னு சொல்லட்டும், அப்புறம் பேசலாம்."

எனக்கு எரிச்சல்தான், ஆனாலும் அந்த மனசுக்கு அவளைக் கையெடுத்துக் கும்பிடலாம்.

காலைல தெருமுனையிலேயே அந்த டப் டப் சத்தம் கேட்டுச்சு. பிடிச்சிருந்தா எதுக்குத் திருப்பிக் கொண்டு வர்றார்? கடை போச்சுன்னே நினைச்சுட்டேன். டாக்டர் வாசல்ல வண்டியை நிறுத்தி இறங்கினார்.

"ஒரே உதைம்மா. பணம் உங்க பாங்க்ல போட்டாச்சு. நீங்க எப்படி உதைக்கறீங்கன்னு ஒரு தடவை பார்த்துட்டுப் போகலாம்னு வந்தேன்."

அக்கா உதைச்சுக் காட்டினா. அவர் கையைக் கட்டிக்கிட்டு மரியாதையா நின்னு பார்த்தார்.

வண்டி போனப்புறம் அவ வாசல்லயே நின்னா. அழறாளோன்னு பக்கத்துல போனேன். அழல, எனக்குத்தான் கண்ணு கலங்கிடுச்சு. இனிமே தன்னோடதாகப் போற சுவர்ல கையை ஊணிக்கிட்டு, குனிஞ்சு காலைப் பார்த்தா.

"இனிமே ரெண்டு செருப்பும் ஒண்ணாத் தேயும்டி"ன்னா.