வரிசையின் கடைசி வண்டி

நார்வேயின் தலைமாட்டில் கிடக்கிறது எங்கள் ஃபின்மார்க் மாவட்டம். மலைமேல் காற்று எழும்பிவிட்டால் இங்கே யாரும் தனியாக அந்தப் பக்கம் போவதில்லை. அடிவாரத்தில் தடுப்புக்கட்டை இறங்கிவிடும். பனி அள்ளும் லாரி வரும்வரை காத்திருந்து, அதன் பின்னால் வரிசையாகப் போகவேண்டும்.

அந்த டிசம்பர் மத்தியானமும் அப்படித்தான். சூரியன் எங்களை விட்டுப் போய்ச் சில வாரம் ஆகியிருந்தது. நடுப்பகலில் கொஞ்ச நேரம் எட்டிப்பார்க்கும் நீல வெளிச்சத்தையும் அன்று காற்று துடைத்துவிட்டது. லாரி ஓட்டும் ஹெல்மர் ஒவ்வொரு வண்டியாக வந்து கண்ணாடியைத் தட்டினான்.

"டீசல் இருக்கா? கம்பளி இருக்கா? பின்னால வர்ற வண்டியோட விளக்கைப் பார்த்துக்கிட்டே ஓட்டுங்க. விளக்கு தெரியலையா, நின்னுடுங்க. நீங்க நின்னா முன்னால போறவன் நிப்பான். அவன் நின்னா அதுக்கு முன்னால இருக்கிறவன். கடைசியில நானும் நிப்பேன்."

கடைசிக்கு முந்தைய வண்டி குன்வோருடையது. மீன் தொழிற்சாலையில் மேற்பார்வை பார்ப்பவள், ஐம்பதைத் தாண்டியவள், வாய்க்குப் பேர்போனவள். வழக்கமாக வரிசையின் வாலில் சாலைத்துறை ஜீப் ஒன்று வரும். அன்று அது வேறொரு மலையில் மாட்டிக்கொண்டிருந்ததால், ஹெல்மர் ராவ்னாவைக் கடைசியில் வரச்சொன்னான். ராவ்னா கலைமான் மேய்க்கும் 'சாமி' என்ற வடக்குப் பழங்குடி இனத்துப் பெண். அந்த மலையிலேயே வளர்ந்தவள்.

"அவளா என் பின்னால?" என்றாள் குன்வோர்.

"அவளைவிட இந்த மலை தெரிஞ்சவங்க யாரு இருக்கா? மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்காம ஓட்டு" என்றான் ஹெல்மர்.

இருவருக்கும் பேச்சு நின்று பல வருஷம். ராவ்னாவின் மான்கள் ஒரு கோடையில் குன்வோரின் உருளைக்கிழங்குப் பாத்தியை மேய்ந்துவிட்டன. அன்று கடையில் நாலு பேர் முன்னால் குன்வோர் கேட்டாள்: "மிருகத்தோடயே கிடந்து நீங்களும் மிருகமாவே போயிட்டீங்களா?" ராவ்னா வாங்கிய ரொட்டியைக்கூட வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

வரிசை கிளம்பியது. மேலே ஏற ஏறக் காற்று பனியைச் சாலைக்குக் குறுக்கே அறைந்தது. பனியைத் தடுக்கப் பலகை வேலி நட்டிருக்கும் முதல் ஏற்றத்தில் குன்வோர் பின்பக்கம் காட்டும் கண்ணாடியைப் பார்த்தாள். விளக்கு இல்லை. வேகத்தைக் குறைத்தாள். மறுபடி பார்த்தாள். வெள்ளையைத் தவிர ஒன்றுமில்லை.

கால் பிரேக்கின் மேல் இருந்தது. நின்றால் முன்வண்டி மறைந்துவிடுமோ என்று பயம். அது பாதிதான். மீதிப் பாதியை அவள் பிறகுதான் தனக்கே ஒப்புக்கொண்டாள். 'அவளுக்கென்ன, திரும்பிப் போயிருப்பா. அவளுக்காக நான் எதுக்கு நிக்கணும்?' கால் பிரேக்கை விட்டு நகர்ந்தது.

அந்தப் பக்கம் இறங்கியதும் ஹெல்மர் வண்டிகளைப் பார்த்துக்கொண்டே வந்தான். குன்வோரின் வண்டிக்குப் பின்னால் சாலை காலியாகக் கிடந்தது.

"ராவ்னா எங்க? கடைசியா எங்க பார்த்தே?"

"ஏரி வளைவு வரைக்கும் வந்தாளே" என்றாள் குன்வோர். யோசித்துச் சொன்ன பொய் இல்லை. வாய் தானாகவே தன்னைக் காப்பாற்றிக்கொண்டது.

ஏரி வளைவு அவர்கள் இறங்கிய பக்கத்துக்குக் கிட்டத்தில்தான். அங்கே இறங்கித் தேடுவதற்காக ஹெல்மர் கம்பும் மண்வெட்டியும் எடுத்துக்கொண்டு லாரியைத் திருப்பினான். ஏரிக்கரையில் பனியைக் குத்திக்குத்தி அவன் தேடப்போவதையும், பலகை வேலிப் பக்கம் ஒரு வண்டி மூடிக்கொண்டே போவதையும் குன்வோர் நினைத்துப் பார்த்தாள். கதவைத் திறந்து ஓடினாள். நகர்ந்துகொண்டிருந்த லாரியின் முன்னால் போய் நின்று இரண்டு கையையும் ஆட்டினாள்.

"ஏரி இல்ல, ஹெல்மர்! பலகை வேலிகிட்ட! முதல் ஏத்தத்துலயே விளக்கு போயிடுச்சு!"

ஹெல்மர் கண்ணாடியை இறக்கி அவளைப் பார்த்தான். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அவளுக்கு.

"தெரிஞ்சும் வந்தியா?"

அவள் தலைகுனிந்தாள். லாரி போய்விட்டது.

ராவ்னாவின் வண்டி வேலிக்குக் கீழே சாய்ந்து கிடந்தது. புகைக்குழாய் பனியில் அடைத்து, வண்டிக்குள் புகை ஏறியிருக்கிறது. குழாயைத் தோண்டிவிட இறங்கியிருக்கிறாள். காற்று ஒரு கையுறையைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டது. உயிர் தப்பினாள். வலது கையில் இரண்டு விரல் கறுத்துப்போய், மருத்துவமனையில் எடுத்துவிட்டார்கள். மானுக்குச் சுருக்குக் கயிறு வீசும் கை அது.

ஹெல்மர் யாரிடமும் வாய் திறக்கவில்லை. அதனால் ஊருக்குத் தெரிந்ததெல்லாம் பாதிக் கதை. குன்வோர் இடத்தைச் சரியாகச் சொன்னாள், அதனால் ராவ்னா பிழைத்தாள். கடையில் அவளுக்குக் காப்பி ஊற்றிக் கொடுத்தோம். நானும்தான் தோளில் தட்டினேன். "பழைய சண்டையை மனசுல வைக்காம செஞ்சியே" என்றேன். அவள் முகம் மீன் வயிறுபோல வெளுத்தது. அடக்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த வாரம் ராவ்னாவின் மகள் நன்றி சொல்லி ஒரு மான் தொடைக்கறியைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனாள். குன்வோர் அதைச் சமைக்கவுமில்லை, யாருக்கும் கொடுக்கவுமில்லை. குளிர்பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் அதுதான் முதலில் கண்ணில் பட்டதாம்.

ஜனவரிக் கடைசியில் சூரியன் திரும்பி வந்தது. வருஷாவருஷம் போல அதைக் கொண்டாடப் பள்ளிக்கூட முற்றத்தில் எல்லோரும் கூடி இனிப்பு பன் தின்றோம். ராவ்னாவும் கட்டுப்போட்ட கையோடு வந்திருந்தாள். குன்வோர் கூட்டத்தைப் பிளந்துகொண்டு அவள் முன்னால் போய் நின்றாள்.

"உன் விளக்கு போனது எனக்குத் தெரியும். நான் நிக்கல. வேணும்னேதான் நிக்கல. அப்புறம் ஹெல்மர்கிட்ட பொய்யும் சொன்னேன்."

நான் கையில் வைத்திருந்த பன்னை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றேன்.

"தெரியும்" என்றாள் ராவ்னா. "உன் சிவப்பு விளக்கு நிக்காம போனதை நான் பார்த்தேனே."

"அப்புறம் ஏன் கறி குடுத்தனுப்பினே?"

"எம்மக குடுத்தா. அவளுக்குத் தெரியாது."

"நீ ஏன் யார்கிட்டயும் சொல்லல?"

"சொன்னா விரல் முளைச்சிடுமா?"

"என்னை மன்னிச்சிடு, ராவ்னா."

ராவ்னா கட்டுப்போட்ட கையைக் கோட்டுக்குள் செருகிக்கொண்டாள். "இன்னைக்கு முடியாது" என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

அதற்குப்பிறகு குன்வோர் கடைக்கு வருவதே குறைந்தது. வந்தாலும் கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து வந்தாள்.

மார்ச்சில் காலம் தப்பி மழை பெய்தது. மறுநாளே உறைந்தது. பனியின் மேல் கண்ணாடித் தகடுபோல ஐஸ். மான்கள் குளம்பால் எவ்வளவு கீறியும் அடியிலிருக்கும் பாசி கிடைக்கவில்லை. வைக்கோல் கொண்டுபோகாவிட்டால் மந்தை செத்துவிடும். ராவ்னாவோ மூட்டை தூக்க முடியாதவள்.

குன்வோர் தொழிற்சாலையில் விடுப்பு சொல்லிவிட்டு, பனிவண்டியில் வைக்கோல் ஏற்றிக்கொண்டு மேலே போனாள். யாரும் கூப்பிடவில்லை.

ராவ்னா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "புண்ணியம் தேட வந்தியா?"

"இல்ல. மூட்டை தூக்க வந்தேன்."

"அப்போ தூக்கு. அங்க குட்டி சுமக்கிறதுங்க நிக்குது, அதுங்களுக்கு முதல்ல போடு. கிட்ட போகாத, மிரளும்."

பனி இளகும்வரை தினமும் போனாள். திரும்பி வரும்போது ஒருநாள் நான் கேட்டேன்: "இப்பவாவது மன்னிச்சிட்டாளா?"

"நான் மறுபடி கேக்கல" என்றாள் குன்வோர், கையுறையிலிருந்த வைக்கோலைத் தட்டிக்கொண்டே. "கேட்டா அதுக்குள்ளயே குடுத்துடுவாளோன்னு பயமா இருக்கு."