பத்து கம்ப்யூட்டரிலும் பழையதை நீக்கியவள்

1.

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் கம்ப்யூட்டர் டீச்சர் சுகுணா மிஸ்ஸுக்கு ஒரு மெசேஜ் தட்டினேன். அனுப்பப் பயம். அதை அப்படியே விட்டுவிட்டு இந்தக் கதையைத் தொடங்கினேன். மணி பதினொன்றரை. கண் எரிகிறது.

பொன்னமராவதிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில், ஆளில்லாத கம்ப்யூட்டர் லேபில், அன்று மாலை...

(வேண்டாம். பேய்க்கதை மாதிரி இருக்கிறது.)

2.

ஒரு பெண். பன்னிரண்டாம் வகுப்பு. பெயர் இளமதி. (என் பெயர் இல்லை. என் பெயரைப் போட்டால் அடுத்த வரி வரமாட்டேன் என்கிறது.) மாவட்டப் போட்டிக்கு அவள் எழுதிய புரோகிராம் லேபின் பழைய கம்பைலரில் (புரோகிராமைக் கம்ப்யூட்டருக்குப் புரியவைக்கும் மென்பொருள்) ஓடவில்லை. மிஸ் சாவியைக் கொடுத்தார்கள்.

"புதுசப் போட்டுட்டுச் சாவிய வாட்ச்மேன்கிட்ட குடுத்துரு. ஒன்ன நம்பித்தான் விட்டுட்டுப் போறேன்."

பத்து லினக்ஸ் கம்ப்யூட்டர். போன் நெட்டிலேயே பத்திலும் புதியதை ஏற்றினாள். (ஒன்றில் ஏற்றினால் போதும். ஆர்வக்கோளாறு.) பிறகு பத்திலும் பழையதை நீக்கினாள்.

ஏன் நீக்கினாள்? இந்த இடத்தை நீங்கள் நம்பமாட்டீர்கள். அவள் வீட்டில் அப்படித்தான். அப்பா துபாயிலிருந்து புது போன் அனுப்பினால், பழையது அன்றைக்கே தங்கச்சிக்குப் போய்விடும். ஒரே ஆளிடம் இரண்டு இருந்து அவள் பார்த்ததில்லை.

சும்மா, பிராக்டிகலுக்கு எழுதிய ரெக்கார்டு நோட்டின் முதல் புரோகிராமை ஓட்டிப் பார்த்தாள். திரை முழுக்க எர்ரர். இரண்டாவது, மூன்றாவது, அதே கதி. அதற்குள் வாட்ச்மேன் வந்துவிட்டார்.

"பாப்பா, பூட்டணும். கெளம்பு."

3.

வீட்டுக்கு வந்து தோழி பிளெஸ்ஸிக்குப் போன் போட்டாள்.

"ஒண்ணுகூட ஓடலடி. அம்புட்டும் பழசுக்கு எழுதுனது."

"பழச எதுக்குடி தூக்குன?"

"புதுசு வந்துருச்சுல்ல..."

"லூசு! ரெண்டும் ஒண்ணா இருக்கும்டி. எது வேணும்னு சொல்ல ஒரு வரி போதும். மிஸ்கிட்ட சொல்லிரு."

"திட்டுவாங்க."

"சொல்லலன்னா நாளைக்கு எக்ஸ்டெர்னல் எக்ஸாமினர் அவங்களத் திட்டுவாரு. இருவத்தெட்டுப் பேருக்கு பிராக்டிகல். ஒம்பது மணிக்கு. நானும் அதுல இருக்கேன், தெரியும்ல?"

4.

முடிவு அ: விடியற்காலையில் இளமதி சுவரேறிக் குதித்து... (எட்டடிச் சுவர். பொய்.)

முடிவு ஆ: எக்ஸ்டெர்னல் கட்டுமாவடியிலிருந்து வரும் வழியில் வண்டி பஞ்சர். (வேறொருத்தர் வருவார். அடுத்தவர் வண்டியைப் பஞ்சராக்கியது எனக்கே அசிங்கமாக இருக்கிறது.)

முடிவு இ: ஏழு மணிக்கு மிஸ் லேபைத் திறக்கிறார்கள். ஒரு கம்ப்யூட்டருக்குப் பத்து நிமிடம். எட்டே முக்காலுக்குள் பத்திலும் பழையது திரும்பி வந்து புதியதற்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறது.

நல்ல முடிவு. ஒரே ஓட்டை: அதற்கு மிஸ்ஸுக்கு விஷயம் தெரிந்திருக்க வேண்டும்.

5.

இளமதியை எவ்வளவு தூரம் நடத்தினாலும் இந்த ஓட்டையைத் தாண்ட மாட்டேன் என்கிறாள். அசதியாக இருக்கிறது. முதலில் தட்டிய மெசேஜ் இன்னும் அங்கேயே கிடக்கிறது:

"மிஸ், லேப்ல ஒரு தப்புப் பண்ணிட்டேன். காலைல ஏழு மணிக்குத் தொறக்க முடியுமா? நானே சரி பண்ணிர்றேன்."

கீழே என் சொந்தப் பெயர்.

அனுப்பிவிட்டேன்.

ஒற்றை டிக். மிஸ் நெட்டை அணைத்துவிட்டுத்தான் தூங்குவார்கள். எத்தனை மணிக்கு எழுந்து பார்க்கிறார்கள் என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். ஏழுக்கு முன்னால் என்று எழுதினால் உங்களுக்குப் புண்ணியமாகப் போகும்.