கன்னத்தில் வைத்த பென்சில்

தகர டப்பாவைத் திறந்ததும் புளித்த நாற்றம் முகத்தில் அறைந்தது. அம்மாவின் பெட்டிக்கு அடியில் இருபத்தேழு வருடம் கிடந்த நெகட்டிவ், உள்ளங்கை அகலம். ஓரம் சுருண்டு, விரலில் பிசுபிசுவென்று ஒட்டியது. மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவியும் கையை மூக்கருகே கொண்டுபோக முடியவில்லை.

நெகட்டிவைக் கேட்டவர் அத்தான், இறந்துபோன என் அக்காவின் கணவர். கூடத்தில் மாட்டியிருந்த அக்காவின் படத்தைப் பூச்சி அரித்துவிட்டதாம்.

"புது வீட்டுக்குப் பெருசா ஒண்ணு போட்டு மாட்டணும். உங்க வீட்லதான் கிழிஞ்ச கால்மிதியக்கூடத் தூக்கிப் போடமாட்டீங்களே, தேடிப் பாரு" என்று போனில் சிரித்தார். சிரிப்புக்கு நடுவே எதையோ மென்று விழுங்கும் சத்தம். போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டேன்.

இருட்டறை வைத்துப் படம் கழுவும் கடை ஊரில் ஒன்றுதான் மிச்சம். கடைக்காரர் நெகட்டிவை விளக்குப் பலகையில் வைத்து, லென்ஸைக் கண்ணில் அழுத்திப் பார்த்தார்.

"இடது கண்ணுக்குக் கீழ பென்சில் வேலை பண்ணியிருக்காங்க மேடம். அதுமேல பூஞ்சை ஏறிடுச்சு. ரெண்டையும் சேத்துத் துடைச்சாத்தான் படம் சுத்தமா வரும்."

"பென்சில் எதுக்கு?"

"தழும்பு, கிழும்பு எதாவது இருந்திருக்கும். படத்துல கறுப்பா விழற இடம் நெகட்டிவ்ல வெளிச்சமா இருக்கும். அதுல பென்சில் வச்சா பிரிண்டுல மறைஞ்சிடும்."

தெரியாதவள் மாதிரி கேட்டேன். அந்தப் பென்சிலை வைக்கச் சொன்னதே நான்தான்.

அக்கா தானாகவே ஸ்டூடியோவுக்குப் போய் எடுத்துக்கொண்ட படம் அது. அன்று முகத்தில் பவுடர்கூடப் போட்டுக்கொள்ளவில்லை. எதற்கென்று சொல்லாமல் ரசீதை என்னிடம் கொடுத்து, வாங்கி வரச் சொன்னாள். அம்மா என்னை வாசலில் நிறுத்தினாள். "அந்தக் கறுப்ப எடுத்துடச் சொல்லுடி. நாலு பேர் பாக்கற படம்." நான் ஸ்டூடியோ மேஜையில் சாய்ந்துகொண்டு, "அக்கா கதவுல இடிச்சுக்கிட்டா, தெரியாமப் பண்ணிடுங்க" என்று சிரித்துச் சிரித்துச் சொன்னேன். அது அத்தான் சொன்ன கதவு.

அக்கா உறையைப் பிரித்து வெகுநேரம் பார்த்தாள். "நல்லா வந்திருக்கேன்ல" என்றாள். பிறகு பையிலிருந்து ஒரு புகார் மனுவை எடுத்தாள். படம் ஒட்டுவதற்காக மேலே இடம் விட்டு எழுதியிருந்தாள். அதை நாலாக மடித்து அடுப்பில் போட்டாள். அடுத்த வருடம் படியில் வழுக்கி விழுந்து செத்தாள் என்று போலீஸில் எழுதிக்கொண்டார்கள். நாங்களும் தலையாட்டினோம்.

"துடைச்சிடுங்க" என்றேன்.

இருட்டறையின் சிவப்பு வெளிச்சத்தில், தட்டிலிருந்த மருந்துக்குள் வெள்ளைத் தாள் மிதந்தது. "கறுப்புதான் மொதல்ல வரும்" என்றார் கடைக்காரர். முடி வந்தது. கண்மணிகள் வந்தன. உதடு வருவதற்கு முன்பே, கண்ணுக்குக் கீழே, முஷ்டி அளவுக்கு அது வந்தது. நான் தொட்டியில் குனிந்து வாந்தி எடுத்தேன்.

"மருந்து வாடை. புதுசா வர்றவங்களுக்கு அப்படித்தான்" என்று தண்ணீர் கொடுத்தார். அப்புறம்தான் தாளைப் பார்த்தார். "கம்ப்யூட்டர்ல போட்டு எடுத்துடலாம் மேடம். தெரியவே தெரியாது."

நான் அன்று கேட்டு வாங்கிய அதே சொல்.

"தெரியட்டும். பெருசாவே போடுங்க."

புது வீட்டில் அத்தான் படத்தைப் பிரித்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, விரலை நாக்கில் தொட்டு, அக்காவின் கன்னத்தைத் தேய்த்தார்.

"கறை விழுந்திருக்கு பாரு. கடைக்காரன் சொதப்பிட்டான்."

அவர் எச்சில் அங்கே பளபளத்தது. படத்தைப் பிடுங்கிக் கைக்குட்டையால் துடைத்தேன். அக்காவின் மகள் எட்டிப் பார்த்தாள். அக்கா போனபோது அவளுக்கு இரண்டு வயது.

"சித்தி, அம்மா மூஞ்சில என்ன?"

"அது கதவுல..." என்று ஆரம்பித்தார் அத்தான்.

"கதவு இல்ல பாப்பா, உங்கப்பா கை. அத இத்தன நாள் மறைச்சு வச்சது நான். உக்காரு, சொல்றேன்."

அவள் உட்காரவில்லை. படத்தை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு ஜன்னலருகே போய் நின்றாள், எங்கள் இருவருக்கும் எட்டாத தூரத்தில்.