சட்டையில் ஒரு பிசிறு

முகத்தை மூடிக்கொண்டால் ஆள் தெரியாது என்று நினைக்கிறவர்களை ஒரு நாள் பனியன் கம்பெனி செக்கிங் டேபிளில் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். வெள்ளைத் தொப்பி, வெள்ளை மாஸ்க், நீல ஏப்ரன் என்று எல்லாப் பெண்களும் ஒரே அச்சாக நிற்பார்கள். ஆனாலும் கூட வேலை செய்கிறவளுக்கு முதுகைப் பார்த்தாலே பெயர் தெரிந்துவிடும். ஒருத்தி தோளைக் குலுக்குவாள், ஒருத்தி ஒற்றைக் காலில் நிற்பாள். உடம்பு சும்மா இருக்காது, எதையாவது சொல்லிக்கொண்டேதான் இருக்கும்.

யாழினிக்கும் அப்படித்தான் தெரிந்தது. தலையை நிமிர்த்தவே இல்லை. வாசல் பக்கம் ஒரு செருமல் கேட்டது. ஒரு நீளம், உடனே இரண்டு குட்டை. தாய்மாமன் மாரப்பன்!

நெருப்பெரிச்சல் என்ற ஊரில் இருக்கும் இந்தக் கம்பெனிக்கு வந்ததிலிருந்து அவள் பெயர் நதியா. சாமளாபுரத்தில் தறிக்கூடம் வைத்திருக்கும் குடும்பத்துப் பெண், தெற்கேயிருந்து பிழைக்க வந்த அந்தோணிராஜைக் கட்டிக்கொண்டு ஓடிவந்தவள் என்று பக்கத்தில் நிற்கும் ஒச்சாயிக்கு மட்டும்தான் தெரியும். "அந்தப் பையனை ஆள் அடையாளம் தெரியாமப் பண்ணிப்போடுவேன்" என்று மாமன் சொல்லி அனுப்பியிருந்தார். சொன்னால் செய்கிற மனுஷன். போன மாதம் யாரோ அவளை இந்தப் பக்கம் பஸ் ஸ்டாப்பில் பார்த்துவிட்டதாகப் பேச்சு. அன்றிலிருந்து கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்.

மேனேஜர் நஞ்சப்பன் முன்னால் வர, மாமனும் பின்னாலேயே அண்ணன் யுவனும் வந்தார்கள்.

"மாஸ்க்கைக் கழட்டச் சொல்லுங்க நஞ்சப்பா" என்றார் மாமன்.

"ஏனுங்க, பொம்பளப் புள்ளைங்களை ஒண்ணொண்ணா மூஞ்சியைக் காட்டுன்னா நாளைக்கு ஒருத்தி வேலைக்கு வருவாளுங்களா? சும்மா ஒரு நடை பாத்துட்டுப் போங்க. உங்களுக்காக இவ்வளவுதானுங்க முடியும்."

மாமன் குரலைத் தாழ்த்தினார். தாழ்த்தினாலும் அந்தக் குரல் மூன்று டேபிளுக்குக் கேட்கும். "மூஞ்சியை உடு மாப்ள. கையைப் பாரு. அம்மிணி நொட்டாங்கைக்காரி."

யாழினி பிசிறு வெட்டும் டிரிம்மரைச் சட்டென்று வலது கைக்கு மாற்றினாள். பாழாய்ப்போன வலது கை! சோறு தின்பதைத் தவிர வேறெதற்கும் பழகாத கை. நூலை விட்டுவிட்டுத் துணியைக் கடித்தது டிரிம்மர். புது டி-ஷர்ட்டில் ஓட்டை. ஒச்சாயி அந்தப் பீஸை இழுத்துத் தன் குவியலுக்கு அடியில் போட்டுக்கொண்டாள். தன் டிரிம்மரை இடது கைக்கு மாற்றி, ஊரே பார்க்கட்டும் என்று கையை உயர்த்தி உயர்த்தி வெட்ட ஆரம்பித்தாள்.

"அந்தா!" என்று மாமன் பாய்ந்து வந்தார். ஒச்சாயியும் யாழினியைப் போலவே ஒல்லி.

ஒச்சாயி தானே மாஸ்க்கை இறக்கினாள். "என்னய்யா, பொண்ணு பாக்க வந்தீகளா? எம் மூத்த மகளே சமைஞ்சு ரெண்டு வருசமாச்சு. எதுக்கும் எம் புருசன் பெரியகருப்பன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிருங்க."

டேபிளே சிரித்தது. மாமன் முகம் கறுத்துப்போய் அடுத்த வரிசைக்கு நகர்ந்தார்.

யுவன் நகரவில்லை. யாழினிக்கு நேர் எதிரே வந்து நின்றான். அவள் குனிந்தபடியே இருந்தாள். கண்ணெதிரே அவனுடைய முழுக்கைச் சட்டை. கைப்பட்டன் பக்கத்தில் ஒரு நூல் நீளமாகத் தொங்கியது. வீட்டில் இருந்தவரை அவன் சட்டையில் ஒரு பிசிறு இருக்க விட்டதில்லை அவள். வண்டியை எடுக்கப் போகிறவனை நிறுத்தி வைத்து வெட்டிவிடுவாள். செக்கிங்கில் சேர்ந்தபிறகு அந்தப் புத்தி பைத்தியமாகவே ஆகிவிட்டது. பஸ்ஸில் முன்னால் நிற்கிறவர் காலர்கூடக் கையை அரிக்கும்.

அவளுக்கே தெரியவில்லை. கை போனது. இடது கை. டிரிம்மர் எப்போது அதற்கு மாறியது? நறுக்கென்று ஒரு சத்தம், நூல் அவள் உள்ளங்கையில் இருந்தது.

போச்சு. எல்லாம் போச்சு.

யுவன் மூச்சை இழுத்துப்பிடித்தான். பிறகு பீஸைப் பார்ப்பவன்போலக் குனிந்து, உதடு அசையாமல் பேசினான்.

"பயப்படாத கண்ணு. நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன். நல்லா இருக்கியா? சாயங்காலம் பேசாம ஊட்டுக்குப் போ."

அவளுக்குக் கண் நிறைந்தது. அண்ணன் அண்ணன்தான், தானாடாவிட்டாலும் தன் சதை ஆடுமே! அப்படியே அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழ வேண்டும் போலிருந்தது. நிமிர்ந்தாள்.

அவன் வலது காது மடலைக் கசக்கிக்கொண்டிருந்தான்.

மோட்டார் ரூமில் பணம் காணாமல் போன அன்றும் அப்பா முன்னால் இப்படித்தான் நின்றான். "நானில்லீங்கப்பா" என்றவனின் விரல் காது மடலில் இருந்தது. அவன் பொய் சொன்னால் அந்தக் காது சிவந்துபோகும். வீட்டில் அது அவளுக்கு மட்டும்தான் தெரியும். ஒரு நாளும் காட்டிக்கொடுத்ததில்லை.

யுவன் மாமனிடம் போய்க் காதோடு ஏதோ சொன்னான். இன்னும் இரண்டு வரிசை பாக்கி இருந்தது. மாமன் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் வெளியே நடந்தார்.

"போயிட்டாய்ங்கடி" என்றாள் ஒச்சாயி.

"போகலீங்க அக்கா. அவங்களுக்கு நான் வேண்டாம், அவருதான் வேணும். நான் ஊட்டுக்குப் போறப்ப பின்னாலயே வருவாங்க." அவள் மாஸ்க்கால் கண்ணைத் துடைத்தாள். "என் அண்ணனுங்க அக்கா!"

"அழுவுறதை அப்பறம் அழு" என்று ஒச்சாயி அவளைப் பாத்ரூம் பக்கம் தள்ளிக்கொண்டு போனாள். இடுப்பில் ஒளித்து வைத்திருந்த போனைக் கொடுத்தாள். யாழினி அந்தோணிராஜிடம் இரண்டே வார்த்தை சொன்னாள். வீட்டுக்கு வர வேண்டாம். நேராக ரயில்வே ஸ்டேஷன்.

வேலை விட்டதும் ஒச்சாயி யாழினியின் மஞ்சள் ஷாலை வாங்கித் தன் தலையிலும் முகத்திலும் சுற்றிக்கொண்டாள். அவள் பையையும் மாட்டிக்கொண்டாள்.

"அக்கா, உங்களுக்கு ஏதாச்சும் ஆயிட்டா?"

"எங்க காம்பவுண்டுல எட்டு வீடு. எட்டும் எங்கூருச் சனம். வரட்டும், காப்பித்தண்ணி குடுத்து அனுப்புறோம்."

"நான் எப்படி நடப்பேன்னு..." யாழினி நடந்து காட்டப் பார்த்தாள். இரண்டு அடி வைத்தாள். அவள் நடை அவளுக்கே தெரியவில்லை.

"நீ சும்மா இரு. தெனமும் உன் பின்னாடியே வர்றவ நானு."

பின்கேட்டில் கட்டிங் வேஸ்ட் துணி ஏற்றிய டெம்போ நின்றிருந்தது. மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து, தார்ப்பாய் இடுக்கில் யாழினி ரோட்டைப் பார்த்தாள். கூட்டத்தில் மஞ்சள் ஷால் போய்க்கொண்டிருந்தது. குட்டி குட்டி அடிகள். நொடிக்கொரு தரம் இடது கை ஷால் முனையை இழுத்து விட்டது. ஐயோ, நான் இப்படியா நடக்கிறேன் என்று அந்த நேரத்திலும் அவளுக்கு வெட்கமாக இருந்தது.

டீக்கடை ஓரத்தில் யுவனின் பைக் உறுமியது. மெதுவாக மஞ்சள் ஷாலின் பின்னால் போனது. ஒரு கணம்கூட அவனுக்குச் சந்தேகம் வரவில்லை. அண்ணா, அது நானில்லை என்று கத்திவிடுவோமோ என்று பயந்து அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அவள் கையைத் தெரிந்தவனுக்கு நடையைத் தெரியவில்லை. எப்படித் தெரியும்? பள்ளிக்கூடத்துக்கு, கோயிலுக்கு, காட்டுக்கு, எங்கே போனாலும் அவன்தான் முன்னால் நடந்தான்.