ஜன்னலோரம் இருந்தவர்

சில்வியாவைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். யாரிடமும் சொன்னதில்லை, இங்கே சொல்லிவிடுகிறேன். அவள் கெட்டவள் இல்லை. கெட்டவளாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ வசதியாக இருந்திருக்கும்.

போன மாதம் அவளைத் தேடி எங்கள் புழல் அகதி முகாமுக்கு ஒரு வக்கீல் வந்தாள். பெயர் கார்குழலி, முப்பது வயதிருக்கும். எங்கள் நாட்டுப் போரின் கடைசி நாளில் சரணடைந்து காணாமல் போனவர்களுக்காக வெளிநாட்டில் ஒரு வழக்கு நடக்கிறதாம். அன்றைக்குக் கட்டளையிட்ட அதிகாரி ஒருவர் அங்கேதான் குடியிருக்கிறாராம். சரணடைந்தவர்களைப் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனதைக் கண்ணால் கண்டவர்கள் சாட்சி சொல்ல வேண்டும். சில்வியாவின் புருஷன் யூட் அந்தப் பஸ்ஸில் போனவர். என் புருஷனும் அதே பஸ்ஸில் போனவர்தான். ஆனால் என்னை யாரும் கேட்கவில்லை. எப்படிக் கேட்பார்கள்? என் காகிதத்தில் அவர் செத்துப் பதினாறு வருடமாகிறது.

அப்படி எழுத வைத்தது நானேதான். தனுஷ்கோடியில் படகிலிருந்து இறங்கி, மண்டபத்தில் பதிவுக்கு நின்றோம். வரிசையில் நின்ற பெண்கள் காதோடு காதாகச் சொன்னது ஒன்றுதான். சரணடைந்தார் என்று சொல்லிவிடாதே, இயக்கத்து ஆளின் பெண்டாட்டி என்று தனியாகக் கொண்டுபோய் அடைத்துவிடுவார்கள், ஷெல் விழுந்து செத்தார் என்று சொல். நான் கைக்குழந்தைக்காரி. சொன்னேன். தேதி கேட்டார்கள். பஸ் போனதற்கு மூன்று நாள் முந்தைய தேதியைச் சொன்னேன். எனக்குப் பின்னால் நின்ற சில்வியாவுக்கு அந்தப் பொய் வாயில் வரவில்லை. அழுதாள், தெரியாது தெரியாது என்றாள். எழுதுகிறவர் அலுத்துப்போய் ‘காணவில்லை’ என்று எழுதிவிட்டார். அன்று அவளைப் பைத்தியக்காரி என்று நினைத்தேன்.

பொய்க்குப் பொருத்தமாகத் தாலியைக் கழற்றினேன். அவள் இன்றைக்கும் சிலுவை வைத்த தாலியோடு ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகிறாள். காணாமல் போன புருஷன் ஒருவர் அவளுக்கு இருக்கிறார். எனக்கு அதுவும் இல்லை. இப்போது வக்கீல் வேறு.

பகலில் நான் காசிமேட்டில் கோவிந்தம்மாவோடு உட்கார்ந்து இறால் உரிப்பேன். ராயபுரத்துக்காரி, என் வயதுதான். என் முகத்தைப் பார்த்துவிட்டு விடாமல் கேட்டாள். எல்லாவற்றையும் கொட்டினேன். அவள் கை நிற்கவில்லை.

“உன் ஆளு பேரு அதுல வர்ணும். வரலன்னு உனக்கு பேஜாரா கீது,” என்றாள். “அதுக்கு அந்தப் பொண்ணு இன்னா பண்ணும்?”

அவள் சொன்னது சரி என்பதால் அன்று முழுக்க அவளோடு பேசவில்லை.

அடுத்த வாரம் கார்குழலி என்னையே கூப்பிட்டாள். ஒற்றைச் சாட்சி நிற்காதாம். யூட் பஸ்ஸில் ஏறியதைப் பார்த்த இன்னொருவர் வேண்டுமாம். ‘பவானி என் பக்கத்தில்தான் நின்றாள்’ என்று சில்வியா என் பெயரைச் சொல்லியிருக்கிறாள். நான் பார்க்கவில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவள் வழக்கு படுத்துவிடும். அந்த நினைப்பு எனக்கு இனித்தது. இரண்டு நாள் அந்த இனிப்பிலேயே இருந்தேன். மூன்றாம் நாள் யூட்டின் முகம் நினைவுக்கு வந்தது. கிளம்பிப் போனேன்.

கொருக்குப்பேட்டையில் தண்டவாளத்தை ஒட்டி, ஒரு மாடியில் கார்குழலியின் அலுவலகம். வெளியறையில் சில்வியா உட்கார்ந்திருந்தாள். நான் அவள் பக்கம் திரும்பாமல் உள்ளே போனேன். யூட்டைப் பார்த்ததைச் சொன்னேன். வெள்ளைச் சட்டை, மூன்றாவது வரிசை. பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று கேட்டாள். ஜன்னலோரம் நீலச் சாரம் கட்டிய ஒருவர் இருந்தார், கைக்கடிகாரத்தைக் கழற்றி வெளியே நீட்டினார் என்றேன். அவர் பெயரைக் கேட்டாள்.

என் மகள் வினிதா அந்த முகாம் பதிவைக் காட்டித்தான் கல்லூரியில் சேர்ந்திருக்கிறாள்; பெயரைச் சொன்னால் அந்தப் பதிவு பொய்யாகிவிடும். பெயர் இல்லாமலாவது அவர் அந்தக் காகிதத்தில் ஏறட்டும் என்று நினைத்தேன்.

“பேர் தெரியாது,” என்றேன்.

கார்குழலி பேனாவை வைத்துவிட்டு, சில்வியாவின் வாக்குமூலத்தை எடுத்து வாசித்தாள். ‘என் கணவருக்குப் பக்கத்தில் ஜன்னலோரம் பவானியின் கணவர் தீபன் உயிரோடு இருந்தார்.’ இந்த வரி இல்லாவிட்டால் கையெழுத்துப் போடமாட்டேன் என்று சில்வியா அடம் பிடித்தாளாம்.

“நீங்க தெரியாதுன்னா அவங்க சொன்னது பொய்யாயிடும்க்கா,” என்றாள். “முகாம் பதிவைப் பத்தியும் கேப்பாங்க. தொந்தரவு வராதுன்னு என்னால சொல்ல முடியாது.”

பதினாறு வருடம் நான் வாய்விட்டுச் சொல்லாத பெயர். அதைச் சொல்ல வேண்டியவள் நான். அதையும் சில்வியாவே முதலில் சொல்லிவிட்டாள். அப்படியொரு பொறாமை எனக்கு அதற்கு முன் வந்ததில்லை. நன்றி சொல்ல வேண்டிய இடத்தில் உடம்பெல்லாம் எரிந்தது.

“எழுதுங்கோ,” என்றேன். “அவர் தீபன். என்ர மனுசன். ஷெல்லில செத்தவர் எண்டு நான் சொன்னது பொய்.”

அவள் எழுதி முடிக்கும்வரை பொறுத்திருந்தேன். அந்தக் கடிகாரத்தை யார் வாங்கியது என்று சில்வியா சொல்லியிருக்கிறாளா என்று கேட்டேன். கார்குழலி தாளைத் திருப்பிப் பார்த்தாள். கூட்டத்தில் யார் வாங்கியது என்று தெரியவில்லை என்றுதான் சொல்லியிருக்கிறாள் என்றாள்.

நான் பைக்குள் கைவிட்டு, துணியில் சுற்றியிருந்ததை எடுத்து மேசைமேல் வைத்தேன்.

“அப்ப இதை முதல்ல நான்தான் சொல்லுறன்.”