பயிற்சிப் பாவங்கள்

2019 ஜூலை மாதம் இரண்டாவது திங்கட்கிழமை காலை பத்தரை மணிக்கு, ஃபாதர் ஆம்ப்ரோஸ் தன் கற்பனையில் உண்டாக்கிய சீனிவாசராகவன் என்கிற குமாஸ்தா, கட்டம் போட்ட அரைக்கைச் சட்டையோடு குருமடத்து வாசலில் வந்து நின்று, தன்மேல் பழி போட்டவரைப் பார்க்க வேண்டும் என்றார். வாட்ச்மேன் ரெமிஜியஸ் பதிவேட்டில் பெயரை எழுதிக்கொண்டு ஊர் எது என்று கேட்டார். வந்தவருக்குச் சொல்லத் தெரியவில்லை. ஃபாதர் அவருக்கு ஊர் வைக்க மறந்திருந்தார்.

மர்பி டவுனிலிருந்து நடக்கிற தூரத்தில் இருக்கும் அந்தக் குருமடத்தில், கடைசி வருடப் பிரதர்களுக்கு வியாழக்கிழமைதோறும் பாவசங்கீர்த்தனம் கேட்கப் பயிற்சி உண்டு. நாளைக்குக் குருவாகப் போகிறவர் ஊதா ஸ்டோலைத் தோளில் மாட்டிக்கொண்டு நாற்காலியில் உட்காருவார். ஃபாதர் ஆம்ப்ரோஸ் அவர் பக்கத்தில் முழங்காலிட்டு, யாரோ ஒருவராக மாறி, ஏதோ ஒரு பாவத்தைச் சொல்லுவார். பிரதர் அதைக் கேட்டு, நாலு நல்ல வார்த்தை சொல்லி, பரிகாரம் கொடுக்க வேண்டும். மொத்தம் இருபது மார்க். குருப்பட்டம் வாங்காதவருக்குப் பாவத்தை மன்னிக்க அதிகாரம் கிடையாது என்பதால், உண்மையான பாவம் எதையும் அங்கே சொல்லக் கூடாது என்பது விதி. ஆகவே இருபத்திரண்டு வருடத்தில் ஃபாதர் ஆம்ப்ரோஸ் இல்லாத மனைவியை அடித்திருக்கிறார், இல்லாத தம்பியின் வீட்டை ஏமாற்றி எழுதி வாங்கியிருக்கிறார், காணாமல்போன ஃபைலுக்குச் சீனிவாசராகவனை மாட்டிவிட்டிருக்கிறார். இத்தனையும் மன்னிக்கப்படாமல் அப்படியே கிடந்தன என்பதை யாரும் யோசிக்கவில்லை.

சீனிவாசராகவனுக்குப் பின்னால் மற்றவர்களும் வந்தார்கள். வாரத்துக்கு ஒருவர், மழைக்காலத்தில் இரண்டு பேர். ஃபாதர் ஒவ்வொருவரிடமும் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டார். அவர்களும் பெரிய மனதோடு மன்னித்து, சாப்பிட்டுவிட்டு, மர்பி டவுனில் வாடகைக்கு வீடு பார்த்துக்கொண்டு போனார்கள். அவர் கொடுத்ததைத் தவிர அவர்களிடம் வேறு எதுவும் இல்லை. சீனிவாசராகவன் பேச்சில்கூட அவருடைய சாதி வாடை இல்லை. ஃபாதருக்கு வந்தது மர்பி டவுன் தமிழ்தான், அதையே அவரும் பேசினார். குருமட நூலகத்தில் ஃபைல் அடுக்கும் வேலை கிடைத்தது. தனக்குக் குடும்பம் இல்லையே என்று ஒருநாள் குறைப்பட்டார். அடுத்த வகுப்பில் ஃபாதர் அந்தப் பாவத்தையே மறுபடி சொல்லி, அவருக்கு ரமா என்று ஒரு மனைவியைச் சேர்த்தார். சனிக்கிழமை அந்த அம்மாள் ஒரு பெட்டியோடு ஆட்டோவில் வந்து இறங்கினார். இது பழகிப்போய், வகுப்பு நடக்கும் வாரத்தில் சமையலறையில் அரிசி கொஞ்சம் கூடுதலாகவே போட்டார்கள்.

ஆனால் வாசல் மணி அடிக்கிற ஒவ்வொரு தடவையும் ஃபாதர் ஆம்ப்ரோஸ் எட்டிப் பார்த்தது வேறு ஒருவரை. பார்த்துவிட்டு, அவர் இல்லை என்று தெரிந்ததும் உள்ளுக்குள் நிம்மதியும் பட்டார். அந்த நிம்மதிக்காகத்தான் அவர் தன்னை அதிகம் வெறுத்தார்.

அவர் மைக்கேல்ராஜ். 2013-இல் கடைசி வருடப் பிரதர். மைக்கேல்ராஜின் அப்பா பாதாளச் சாக்கடையில் இறங்கி அடைப்பு எடுக்கிறவர். பெற்றோர் ஞாயிறு அன்று அவர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, டிபன் கேரியரில் கோழிக்குழம்பு எடுத்துக்கொண்டு மகனைப் பார்க்க வந்தார். யார் இவர் என்று நண்பர்கள் கேட்டதற்கு, எங்கள் தெரு ஆட்டோக்காரர் என்று மைக்கேல்ராஜ் சொல்லிவிட்டார். அது அப்பா காதில் விழுந்தது. அவர் கேரியரை மகன் கையில் கொடுத்து, "அப்ப நான் வரேங்க" என்று அந்நியரைப் போலவே சொல்லிவிட்டுப் போனார். இதை மைக்கேல்ராஜ் தன் ஆன்ம குருவிடம் மட்டும், கதவைச் சாத்திவிட்டுச் சொல்லி அழுதார். அந்த ஆன்ம குரு ஃபாதர் ஆம்ப்ரோஸ்.

சில மாதம் கழித்து ஒரு வியாழக்கிழமை, ஃபாதருக்குப் பாவம் தட்டுப்பாடாகிவிட்டது. ஞாபகத்தில் கைக்கு அகப்பட்டதை எடுத்துச் சொல்ல ஆரம்பித்தார். வெள்ளைச் சட்டை, கோழிக்குழம்பு, ஆட்டோக்காரர், எல்லாவற்றையும் சொன்னார். நன்றாக அமைந்துவிட்டதே என்று சந்தோஷம்கூடப் பட்டார். அது தன் கற்பனை என்றே நினைத்தார். அன்று ஸ்டோல் போட்டு நாற்காலியில் இருந்தது மைக்கேல்ராஜ். பார்த்துக்கொண்டிருந்த பதினெட்டுப் பேரில் மூன்று பேர் அந்த ஞாயிறு வாசலில் நின்றவர்கள். மைக்கேல்ராஜ் வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை. ஃபாதர் நாலு மார்க் போட்டார்.

கை கழுவும்போதுதான் அவருக்கு உறைத்தது. அப்போது மைக்கேல்ராஜ் தன் டிரங்குப் பெட்டியைப் படியிறக்கிக்கொண்டிருந்தார். ஓடிப்போய் என் தப்பு என்று சொல்லியிருக்கலாம். இருபது படிதான். ஃபாதர் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டே நின்றார், கை காய்ந்த பிறகும் துடைத்தார். அறிக்கையில் 'தானாக விலகினார்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

பன்னிரண்டு வருடம் போயிற்று. மன்னிப்புக் கேட்க வேண்டியவர்கள் என்று ஃபாதர் எழுதி வைத்திருந்த பட்டியலில் எல்லாப் பெயரும் டிக் ஆகி மைக்கேல்ராஜ் பெயர் மட்டும் மீந்திருப்பதைச் சீனிவாசராகவன்தான் கண்டுபிடித்தார்.

"நாங்க நீங்க கூப்ட்டு வந்தவங்க ஃபாதர். அவர நீங்க கூப்டல, தொரத்துனீங்க. அவரு எதுக்கு வரணும்? நீங்கதான் போகணும்."

ஹலசூரில் ஏறி, இரண்டு இடத்தில் மெட்ரோ மாறி, ஃபாதர் ஹெப்பகோடியில் இறங்கினார். மைக்கேல்ராஜ் அங்கே ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். கதவைத் திறந்தவர் வணக்கம் சொல்லவில்லை.

"நாலு மார்க்" என்றார். "இன்னும் நெனப்பு இருக்கு ஃபாதர்."

உள்ளே கதவோரம் வெள்ளைச் சட்டை போட்ட பெரியவர் ஒருவர் டிபன் கேரியரோடு நின்றிருந்தார். ஃபாதரைப் பார்த்ததும், "அப்ப நான் வரேங்க" என்றார்.

"இவரு எங்கப்பா" என்றார் மைக்கேல்ராஜ், தெருவுக்கே கேட்கிற குரலில். "பெத்தவரு ரெண்டாயிரத்துப் பதினாறுல போய்ட்டாரு. அந்த ஞாயித்துக்கெழமையப் பத்தி நாங்க கடைசி வரைக்கும் பேசிக்கவே இல்ல. இவரு பத்தொம்போது ஜூலைல வந்தாரு. அதே மொகம். ஆனா இந்த ஒரு பேச்சத் தவிர வேற இல்ல. நாளைக்கு நாலு வாட்டி கெளம்பறாரு, நாலு வாட்டி கையப் புடிச்சு உள்ள கூட்டியாறேன். நீங்க இவருக்குக் குடுத்தது அவ்ளோதான்."

ஃபாதர் சிமெண்ட் தரையில் முழங்காலிட்டார். "தப்பு என்னோடது மைக்கேல். தெரிஞ்சப்பறமும் வாயத் தொறக்கல."

மைக்கேல்ராஜ், கிளம்பப் பார்த்த பெரியவரைக் கையைப் பிடித்து உட்காரவைத்தார். பிறகு, "மன்னிக்கற வேல எனக்குக் கெடைக்காமப் போச்சு. பரிகாரம் வேணா சொல்றேன். க்ளாஸ்ல மறுபடி சொல்லுங்க. உங்க பேரச் சொல்லி சொல்லுங்க. முடிவ மாத்துங்க."

"அப்பா வீட்ல உன்ன எப்படிக் கூப்பிடுவாரு?"

"வேலையிலருந்து வந்து, குளிக்கக்கூடப் போகாம, வாசல்ல நின்னே கேப்பாரு. 'சாப்ட்டியாடா மைக்கேலு'ன்னு."

வியாழக்கிழமை பதினொரு மணிக்கு ஃபாதர் ஆம்ப்ரோஸ் விதியை மீறி, ஆம்ப்ரோஸாகவே முழங்காலிட்டார். தன்னை நம்பிச் சொன்னதைச் சபையில் விற்றதையும், துண்டையும், கையெழுத்தையும் சொன்னார். பிறகு அந்த அப்பாவைப் பற்றிச் சொன்னார். அவர் வாசல்வரை போய்த் திரும்பி வந்தார், மகனைப் பார்த்து ஒன்று கேட்டார், இரண்டு பேரும் கேரியரைத் திறந்து உட்கார்ந்தார்கள் என்று முடித்தார். நாற்காலியில் இருந்த க்ளென் பிரதருக்கு வார்த்தை வரவில்லை. அந்த மௌனத்தை ஃபாதருக்குத் தெரியும். இருபது மார்க் போட்டார்.

பன்னிரண்டரைக்குப் போன் அடித்தது. மறுமுனையில் மைக்கேல்ராஜ் மூச்சு விடுவது மட்டும் கேட்டது. அதற்குப் பின்னால், கொஞ்சம் கரகரப்பாக, "சாப்ட்டியாடா மைக்கேலு" என்று ஒரு குரல்.

"இல்லப்பா" என்றார் மைக்கேல்ராஜ். அப்புறம், "வெச்சிடறேன் ஃபாதர். கூப்பிடறாரு."

மன்னித்தேன் என்ற சொல் அந்தப் பேச்சில் இல்லை. ஃபாதர் ஆம்ப்ரோஸ் அதைக் கேட்கவும் இல்லை. அடுத்த வாரத்துக்கான தாளில், சீனிவாசராகவனுக்கு ஊர் அத்திபெலே என்று எழுதி வைத்துவிட்டுச் சாப்பிடப் போனார்.